பூண்டு வாசம் வந்தால் வெளியேறவும்

1

நான் ஜெர்மனிக்கு வந்து பதினோரு வருடம் முடிந்த அன்று, எங்கள் ஆய்வுக்கூடக் கட்டிடத்தில் இருந்த அத்தனை பேரையும் பனிக்குள் ஓடவிட்டேன். ஆண்டு நிறைவை இப்படிக் கொண்டாட வேண்டும் என்று நான் திட்டம் போடவில்லை. அன்றைக்கு நான் போட்ட ஒரே திட்டம் காலையில் தயிர்சோறு சாப்பிடுவது.

முதலில் என் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். திண்டுக்கல் சொந்தக்காரர்களுக்குப் பதினோரு வருடமாகச் சொல்லியும் விளங்கவில்லை. உங்களுக்காவது விளங்குகிறதா பார்ப்போம். இரும்புத் தூளையும் செலினியம் என்ற சாம்பல் நிறத் தூளையும் நிறுத்து ஒரு எஃகுச் சாடியில் போடுவேன். கூடவே கோலிக்குண்டு அளவில் எஃகுக் குண்டுகள். சாடியை இறுக்கி மூடி இயந்திரத்தில் மாட்டினால் பேய் பிடித்த மாதிரி சுற்றும். குண்டுகள் மோதி மோதி இரண்டு தூளும் ஒன்றுக்குள் ஒன்று போய் மாவாகிவிடும். அந்த மாவை அச்சில் அழுத்தி வில்லையாக்குவேன். வில்லையைக் காற்றில்லாத கண்ணாடிக் குழாயில் அடைத்து, உலையில் வைத்து, உருகவிடாமல் சூடேற்றி இறுக வைப்பேன். இதற்கு சிண்டரிங் என்று பெயர். கடைசியில் வரும் கறுப்பு வில்லையைப் பூஜ்யத்துக்குக் கீழே இருநூற்று அறுபத்தைந்து டிகிரி வரைக்கும் குளிர வைத்தால், மின்சாரம் அதற்குள் எந்தத் தடையும் இல்லாமல் ஓடும். ஓட வேண்டும் என்பது எங்கள் ஆசை. ஓடாத நாட்களே அதிகம்.

“தடையே இல்லாத கரண்டா?” என்று சித்தப்பா ஒருமுறை போனில் கேட்டார். “அப்ப மொதல்ல நம்ம நாகல் நகர் டிரான்ஸ்பார்மர்ல கொண்டாந்து மாட்டு அப்பு. மத்ததைப் பெறகு பேசிக்கலாம்.”

2

செலினியத்தில் ஒரு சிக்கல் உண்டு. தூள் கசிந்து உடம்புக்குள் போய்விட்டால் மூச்சில் பூண்டு வாசம் அடிக்கும். வேறு சில விஷத் தூள்களுக்கும் இதே குணம். அதனால் எங்கள் கூடத்துக் கதவில் சிவப்பு எழுத்தில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருக்கும்: பூண்டு வாசம் வந்தால் உடனே வெளியேறவும். அதை எழுதியது மூன்று பேர் கொண்ட பாதுகாப்புக் குழு. அந்த மூவரில் ஒருவன் நான். அடியில் இருக்கும் கையெழுத்து என்னுடையது. ஜெர்மன் இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை என்று அப்போது எல்லோரும் பாராட்டினார்கள்.

என் அக்கா லூர்துமேரி திண்டுக்கல்லில் பெண்கள் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் மனைவி ஸ்டெல்லாவுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்து வார இறுதியில் மட்டும் வீட்டுக்கு வரும்படி ஆனதால், எனக்கும் என் மகள் ஜோவிதாவுக்கும் சோறு பொங்கிப் போடுவதற்கென்று மூன்று மாத விசாவில் அக்கா வந்திறங்கினாள். பெட்டியில் சேலைகளுக்கு நடுவே ஒரு பெரிய ஜாடி மலைப்பூண்டு ஊறுகாய்.

மறுநாள்தான் அந்த ஆண்டு நிறைவு. தயிர்சோற்றுக்கு அந்த ஊறுகாயை நான் தொட்டுக்கொண்டேன் என்று சொல்வது பொய். ஊறுகாய்க்குத் தயிர்சோற்றைத் தொட்டுக்கொண்டேன். இந்த ஊர்க்காரர்கள் பூண்டு தின்னாதவர்கள் இல்லை. வேலை நாளில் காலை ஏழு மணிக்குத் தின்னாதவர்கள், அவ்வளவுதான்.

கூடத்துக்குள் நுழைந்து உல்ரிக்கே என்ற சக ஆய்வாளருக்குக் காலை வணக்கம் சொன்னேன். அவர் முகம் வெளுத்தது. பதில் வணக்கம் சொல்லாமல் சுவரில் இருந்த சிவப்புப் பொத்தானை அமுக்கினார். சங்கு ஊதியது. விதிப்படி மின்சாரத்தை நிறுத்தினார்கள். உலைக்குள் இறுகிக்கொண்டிருந்த என் வில்லைகள் பன்னிரண்டும் அந்த நிமிடமே வீணாயின. என் ஜெர்மனி வாழ்க்கையில் பார்த்த முதல் மின்வெட்டை நானே உண்டாக்கினேன்.

மூன்று மாடிக்காரர்களும் கோட்டு இல்லாமல் பனியில் நின்றோம். தீயணைப்பு வண்டி வந்தது. உள்ளே போய்க் காற்றை அளந்துவிட்டு, ஒன்றுமே இல்லை என்றார்கள். “இல்லை, இங்கேயும் வாசம் அடிக்கிறது” என்றார் உல்ரிக்கே. உண்மைதான். வாசம் எங்களோடு படியிறங்கி வந்திருந்தது. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். மூச்சை அடக்கிக்கொண்டு எவ்வளவு நேரம் உண்மையை மறைக்க முடியும்? தீயணைப்புத் தலைவரிடம் போய், “ஊறுகாய்” என்றேன். அவர் கருவியை என் வாய்க்கு நேராக நீட்டினார். பிறகு ஒரு படிவத்தில், கசிவின் மூலம் என்ற இடத்தில், பணியாளர் என்று எழுதினார்.

3

அன்று சாயங்காலம் டிராமில் வரும்போது எங்கள் மாவு மில் ஞாபகமாகவே இருந்தது. அப்பா அந்தோணிசாமி திண்டுக்கல் நாகல் நகரில் மாவு மில் வைத்திருந்தார். அங்கேயும் ஒரு விதி உண்டு: மிளகாய் அரைத்த இயந்திரத்தில் அடுத்து யாருடைய பச்சரிசியையும் போடக் கூடாது. முதலில் ஒரு படி அரிசியைப் போட்டு ஓட்டி, காரத்தைக் கழுவிவிட வேண்டும். அந்த ஒரு படி யார் வீட்டு அரிசி என்பதுதான் சண்டை. வரிசையில் மிளகாய்க்குப் பின்னால் நிற்பவர் தன் தூக்குவாளியைத் தூக்கிக்கொண்டு கடைசிக்கு ஓடுவார். அவருக்குப் பின்னால் நின்றவரும் ஓடுவார். மிளகாய் வந்த நாளில் எங்கள் வரிசை தலைகீழாகிவிடும்.

நான் இங்கே வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு கலவையை அரைத்த சாடியில் அடுத்த கலவையைப் போடுமுன் மணலைப் போட்டு ஓட்ட வேண்டும் என்று மூன்று நாள் பயிற்சி கொடுத்துச் சான்றிதழும் தந்தார்கள். அதைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டி வைத்திருக்கிறேன். அப்பாவுக்கு அப்படி ஒன்றை யாரும் கொடுத்ததில்லை.

4

விவகாரம் ஊறுகாயோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். முடியுமா? எங்கள் நிறுவனத்துக்கென்று ஒரு பணிநல மருத்துவர் இருக்கிறார். மெலிந்த, பொறுமையான பெண்மணி. ஊறுகாய் என்பதை அவர் நம்பினார். ஆனால் நம்பிக்கைக்குப் படிவத்தில் இடமில்லை என்றார். பூண்டு வாசம் பூண்டினால் வந்ததா, செலினியத்தால் வந்ததா என்று நிரூபிக்க வேண்டும். இரண்டு வாரம் பூண்டே கூடாது. பிறகு மூச்சையும் சிறுநீரையும் சோதிப்பார்கள். வாசம் போயிருந்தால் ஊறுகாய். போகாவிட்டால் விஷம். அதுவரை நான் தூள் பக்கமே போகக் கூடாது.

சாதாரண மாதமாக இருந்தால் விடுமுறை கிடைத்தது என்று சிரித்திருப்பேன். ஆனால் அந்த மாதக் கடைசியில் என் ஒப்பந்தம் முடிகிறது. நிரந்தரமாக்கத் தயாராகத்தான் இருந்தார்கள், அதற்கு இந்த மருத்துவரின் தகுதிச் சான்று வேண்டும். சான்று இல்லையென்றால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் விசா இல்லை. ஜோவிதா ஏழாம் வகுப்பை நடுவில் விட்டுவிட்டுத் திண்டுக்கல்லுக்குப் போய் நிற்க வேண்டும், தமிழில் தன் பெயரைத் தவிர வேறு எதுவும் எழுதத் தெரியாமல்.

பதற்றத்தில் என் ஜெர்மன் தடுமாறியது. வீட்டுச் சாப்பாட்டில் வருவது என்று சொல்ல நினைத்து, எங்கள் குடும்பத்திலேயே உள்ளது என்று சொல்லித் தொலைத்தேன். மருத்துவர் அதையும் எழுதிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன்.

“வெசமா? வெசம்னா சொன்னா அந்த டாக்டரு?”

“இருக்கான்னு பாக்கணும்னாங்க. இல்லேன்னு நிரூபிக்கத்தான்க்கா.”

“இல்லாததை எதுக்குல நிரூபிக்கணும்? இருக்கப் போய்த்தான தேடுறா?”

அக்காவோடு வாதாடி ஜெயித்தவர் யாரும் திண்டுக்கல்லில் இல்லை. நான் கோட்டைக் கழற்றி மாட்டினேன். சற்று நேரம் கழித்து அவளே, “சரி, இனிமே ஒனக்குப் பூண்டு போட்டுச் சமைக்கல. போதுமா?” என்றாள். ஜாடியை எடுத்துத் தன் அறைக்குள் வைத்துக்கொண்டாள். யார் சொல்லியும் அக்கா இவ்வளவு சீக்கிரம் கேட்டதில்லை. நான் அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

அந்தச் சமயம் எனக்கு ஜலதோஷம் பிடித்து மூக்கு இரண்டும் அடைத்துக் கிடந்தது. எதைத் தின்றாலும் காகிதம். அக்கா தினமும் காலையில் ஒரு கறுப்பு உருண்டை கொடுத்தாள். “சிறுமல மொளகும் கருப்பட்டியும். சளி அத்துக்கிட்டுப் போகும், வாயத் தொற.” திறந்தேன். நாற்பத்திநாலு வயசு ஆளுக்கு இந்த ஊரில் வாயில் ஊட்டிவிட யார் இருக்கிறார்கள்?

இன்னொரு சந்தோஷமும் இருந்தது. ஜோவிதா என்னோடு பேசுவதே குறைந்து போயிருந்தது. தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்வாள், ஜெர்மனில் கேட்டால் என் உச்சரிப்பைத் திருத்துவாள், திருத்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வாள். அவள் இப்போது பள்ளி விட்டதும் நேராக அடுப்படிக்குப் போனாள். அத்தையும் மருமகளும் கதவைப் போட்டுக்கொண்டு ஏதோ செய்தார்கள். மிக்ஸி ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். ஓவன் மணிக்கணக்கில் எரியும். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வரும். நான் கேட்டால், “தேங்கா” என்பாள் ஜோவிதா. தமிழில் சொன்னாளே என்று பூரித்துப் போனேன்.

5

இரண்டு வாரம் கழித்துச் சோதித்தார்கள். சிறுநீரில் செலினியம் ஒன்றும் கூடுதலாக இல்லை, சுத்தம். மூச்சில் பூண்டு வாசம் பலமாக இருந்தது. மருத்துவர் தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். சிறுநீர் கெட்டிருந்தால் ஒரு கட்டத்தில் டிக் போடலாம். மூச்சு தெளிந்திருந்தால் இன்னொரு கட்டத்தில் போடலாம். ஒன்று நல்லதாகவும் ஒன்று கெட்டதாகவும் இருப்பவனுக்குக் கட்டமே இல்லை.

“பூண்டு சாப்பிடவில்லையே?”

“சத்தியமாக இல்லை.”

“உங்களை நம்புகிறேன்,” என்றார். “அதுதான் கவலையாக இருக்கிறது.”

மூலம் தெரியவில்லை என்று எழுதி, கடைசி வாரத்துக்கு இன்னொரு தேதி கொடுத்தார். கூடத்தில் என் இயந்திரத்துக்கு முத்திரை வைத்தார்கள். என் நாற்காலியைக்கூட ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிவிட்டார்கள். வார இறுதியில் வந்த ஸ்டெல்லா வாசலில் என்னைக் கட்டிக்கொண்டவள் உடனே விலகி, “இன்னும் அடிக்குதுங்க” என்று அழுதாள்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பயம் வந்துவிட்டது. பூண்டும் தின்னவில்லை, வாசமும் போகவில்லை என்றால் வேறு என்ன? பதினோரு வருடத் தூள் எனக்குள் எங்கோ படிந்துவிட்டது என்று முடிவு செய்தேன். சோதனைக்குப் பிடிபடாத இடத்தில் படிந்திருக்கிறது. குளியலறைக் கண்ணாடியில் ஊதி ஊதி மோந்து பார்ப்பேன். மூக்கு அடைத்திருந்ததால் அதுவும் தெரியாது. நான் செத்துப்போனால் ஸ்டெல்லா இங்கே இருப்பாளா, ஊருக்குப் போவாளா என்றெல்லாம் யோசித்தேன். அக்கா என் முகத்தைப் பார்த்தாள். மறுநாள் முதல் உருண்டையை இரண்டாக்கினாள்.

6

கடைசித் தேதிக்கு வீட்டில் உள்ள எல்லோரையும் அழைத்துவரச் சொன்னார் மருத்துவர். தூள் என் உடுப்பில் ஒட்டி வீட்டுக்குப் போயிருக்குமோ என்று அவருக்குச் சந்தேகம். ஸ்டெல்லாவுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. அக்கா பட்டுச்சேலை கட்டி, அதன்மேல் என் பனிக்கோட்டை மாட்டிக்கொண்டு வந்தாள்.

முதலில் ஜோவிதா ஊதினாள். மருத்துவரின் புருவம் உயர்ந்தது. லேசாக இருந்தது. அடுத்து அக்கா ஊதினாள். மருத்துவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். பிறகு தன் பழைய குறிப்பை எடுத்து, குடும்பத்திலேயே உள்ளது என்று நான் சொன்னதை எனக்கே வாசித்துக் காட்டினார். மொத்தக் குடும்பமும் விஷத்தில் இருக்கிறது, குழந்தையும் உட்பட என்றார். இனி இது தன் கையில் இல்லை, குழந்தைகள் நலத் துறைக்கு எழுதியாக வேண்டும் என்றார். போனை எடுத்தார்.

அது அக்காவுக்குப் புரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் ஜோவிதாவின் முகம் மாறியது புரிந்துவிட்டது. “என்ன தாயி சொல்றா?” என்று கேட்டாள். ஜோவிதா அவள் காதில் சொன்னாள். அக்கா எழுந்து நின்றாள். கைப்பையைத் திறந்து ஒரு தகர டப்பாவை எடுத்து மருத்துவரின் மேஜையில் டங்கென்று வைத்தாள். உள்ளே கறுப்பு உருண்டைகள்.

“நாந்தான் குடுத்தேன். நாலு வாரமா பூண்டு உருண்டை குடுத்தேன். அவனுக்குத் தெரியாது. இந்தப் பிள்ளைய வெவரம் சொல்லாம உரிக்கச் சொன்னேன், அதுவும் நாந்தான். ஜோவி, அப்படியே சொல்லு.”

ஜோவிதா அப்படியே சொன்னாள். கூடவே, தனக்கு எல்லா விவரமும் தெரியும் என்றும், இரண்டு உருண்டை தானும் தின்றதாகவும் சேர்த்துச் சொன்னாள். நான் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“பூண்டு கூடாது என்று சொன்னேனே, ஏன் கொடுத்தீர்கள்?” என்றார் மருத்துவர்.

“விஷம்னு நீங்கதான சொன்னீங்க? விஷத்தை முறிக்கப் பூண்டைக் குடுக்காம வேற எதைக் குடுக்கிறது?”

மருத்துவர் ஒரு உருண்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். எப்படிச் செய்தது என்று கேட்டார். அக்கா வகுப்பெடுப்பது போலச் சொன்னாள். பூண்டை உரித்து, நறுக்கி, ஓவனில் லேசான சூட்டில் ஈரம் போகக் காயவைக்க வேண்டும். மிக்ஸியில் விட்டு விட்டு அரைக்க வேண்டும், விடாமல் ஓட்டினால் சூடேறிக் கட்டி தட்டும். துணியில் சலித்து, நிற்பதை மறுபடி அரைக்க வேண்டும். மிளகுத் தூளும் கருப்பட்டியும் சேர்த்து, கையால் அழுத்தி உருட்டி, மறுபடி ஓவனில், இளக விடாமல், இறுகும்வரை வைக்க வேண்டும்.

அரைப்பது, சலிப்பது, அழுத்துவது, இளகவிடாமல் இறுக்குவது. நான் பதினோரு வருடமாகச் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்வது இதைத்தான். தினமும் என் வாய்க்குள் போனது எனக்குத் தெரியவில்லை. அந்த உருண்டையில் ஒரு விரிசல்கூட இல்லை என்பதையும் பொறாமையோடு கவனித்தேன். என் வில்லைகள் பாதி விரிசல் விட்டுத்தான் வெளியே வரும்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லக்கா,” என்றேன். கோபம் தாங்கவில்லை. “வேலை போயிருக்கும். செத்துருவேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்.”

“நானும் அதைத்தான்டா நெனச்சேன்.” அக்காவின் குரல் முதல்முறையாக இறங்கியது. “அப்பா இருவது வருசம் மில்லுல பொடிக்குள்ள நின்னாரு. மொளகாப் பொடி, மாவுப் பொடி. ராவும் பகலும் மூச்சு இழுத்துச்சு. கடைசி ஆறு மாசம் உக்காந்துக்கிட்டேதான் தூங்குனாரு. நீ அப்ப மெட்ராஸ்ல படிச்சுக்கிட்டு இருந்த, ஒனக்குச் சொல்ல வேணாம்னுட்டாரு. ஊதுங்கன்னு ஒரு டாக்டரு சொல்லலையே அவர! ஒருத்தன் ஊதச் சொல்லலையே! நீயும் பொடிக்குள்ளதான் நிக்கிறேன்னு இங்க வந்துதான் எனக்குத் தெரியுது. நான் என்ன செய்யட்டும், சொல்லு.”

ஜோவிதா இதை உடனே மொழிபெயர்க்கவில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜெர்மனில் மெதுவாகச் சொன்னாள், ஒரு வார்த்தையும் விடாமல். மருத்துவர் போனைக் கீழே வைத்தார். படிவத்தை எடுத்து, மூலம் என்ற இடத்தில், பணியாளரின் மூத்த சகோதரி என்று எழுதி முத்திரை குத்தினார்.

சிறுநீர் சுத்தமாக இருந்ததையும் அக்கா கேட்டுத் தெரிந்துகொண்டாள். “பாத்தியா, முறிஞ்சிருச்சு” என்றாள். விஞ்ஞானி என்ற முறையில் இதை நான் மறுக்க வேண்டும். உருண்டை தின்னாத இன்னொரு தம்பி இருந்திருந்தால் ஒப்பிட்டுக் காட்டியிருப்பேன். இல்லை.

7

உருண்டையை நிறுத்தியதும் வாசம் நின்றது. சான்று வந்தது. ஒப்பந்தம் நிரந்தரமாயிற்று. நானும் முத்திரையை உடைத்து என் இயந்திரத்துக்குத் திரும்பினேன், முன்பைவிட இறுக்கமான முகமூடியோடு.

அக்கா ஊருக்குப் போவதற்கு முன்னால் ஒரு கோடு போட்ட தாளில் தலைமையாசிரியைக் கையெழுத்தில் மருத்துவருக்கு ஒரு விண்ணப்பம் எழுதினாள். என் தம்பியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊத வைத்து, மூச்சு எப்படி இருக்கிறது என்று எனக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அவன் சொன்னால் நம்ப மாட்டேன். இப்படிக்கு. ஜோவிதா மொழிபெயர்த்து இணைத்தாள். ஒருவரின் உடல்நிலையை இன்னொருவருக்குச் சொல்ல இங்கே சட்டம் இடம் தராது. அதனால் என் மூச்சைப் பற்றி என் அக்காவுக்குச் சொல்ல எனக்கு ஆட்சேபம் இல்லை என்று நான்கு பக்கப் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். இந்த நாட்டில் நான் போட்ட கையெழுத்துகளில் யோசிக்காமல் போட்டது அது ஒன்றுதான்.

போன வாரம் முதல் கடிதம் நாகல் நகருக்குப் போய்ச் சேர்ந்தது. அக்கா என்னைக் கூப்பிடவில்லை. ஜோவிதாவை வீடியோவில் கூப்பிட்டு, கடிதத்தைக் கேமராவுக்கு நேராகப் பிடித்தாள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது அல்லவா, பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் அப்பா பெயர் உட்கார்ந்துவிடும். இங்கே எனக்கு வரும் காகிதம் எல்லாம் அப்பா பெயரில்தான் வரும், என்னைப் பற்றி எழுதுவதும் அப்படித்தான். ஜோவிதா ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள்.

“திரு. அந்தோணிசாமியோட மூச்ச சோதிச்சோம். மூச்சு சுத்தமா இருக்கு. நெஞ்சுல எந்தச் சத்தமும் இல்ல. நல்லா மூச்சு விடுறார்.”

அக்கா கடிதத்தைக் கேமராவிலிருந்து இறக்கவில்லை.

“மறுபடி படி தாயி.”

ஜோவிதா படித்தாள்.

“இன்னொரு தடவ.”

அத்தைக்குச் சரியாகக் கேட்கவில்லையா என்று ஜோவிதா என்னைப் பார்த்துச் சைகையில் கேட்டாள். படி என்று தலையாட்டினேன். அக்காவுக்குக் காது நன்றாகவே கேட்கும்.